'ஒரே முறை சுட்டது' என்று விற்கும் பித்தளைக் கூடுகள்: டெக்சஸ் நண்பர்கள் கவனிக்க

டெக்சஸில் மான் வேட்டைக்குப் போகிற, ரைஃபிள் தோட்டாவை வீட்டிலேயே ரீலோட் செய்கிற (சுட்டு முடிந்த கூட்டில் புதுப் பிரைமர் என்கிற பற்றவைப்பு மூடி, பவுடர், குண்டு வைத்து மறுபடி தோட்டாவாக்குகிற) நம் ஆட்கள் இப்போது கொஞ்சம் பேர் இருக்கிறோம். அடுத்து 9 எம்எம் கைத்துப்பாக்கித் தோட்டாவுக்குப் போகலாம் என்று யாராவது நினைத்திருந்தால், சாமான் வாங்கும் முன் இதைப் படித்துவிடுங்கள். ஹூஸ்டன் புறநகரில் ஒரு கடையில் எனக்கு விற்ற 'ஆரம்பச் செட்' பற்றியது இது. விவகாரம் இன்னும் கார்டு கம்பெனியில் நிலுவையில் இருப்பதால் கடையின் பெயரைப் போடவில்லை.

"நீங்கள்தான் .308 ரைஃபிள் தோட்டா பண்ணுகிறவர் ஆச்சே, இதெல்லாம் உங்களுக்கு ஜுஜுபி" என்றார் கடைக்காரர். வியாபாரமே அந்தப் பேச்சில்தான் நடக்கிறது. ரைஃபிளில் பழகியவன் எதையெல்லாம் கேட்பான், எதைக் கேட்கவே மாட்டான் என்பது அவருக்கு அத்துப்படி.

டையை, அதாவது கூட்டைச் சரியான அளவுக்குக் கொண்டுவரும் அச்சை, எடுத்துக்கொள்ளுங்கள். பெட்டியின் மேல் 'கார்பைடு' என்று போட்டிருந்தது. எஃகைவிடக் கடினமான கார்பைடு வளையம் வைத்த டை என்றால் கைத்துப்பாக்கிக் கூட்டுக்கு மசகு தடவ வேண்டியதில்லை, விலையும் கூட. ரைஃபிள் கூடு ஒவ்வொன்றுக்கும் மசகு தடவியே பழகியவனுக்கு, உள்ளே இருப்பது எஃகு டை என்றாலும் உடனே உறைக்காது. வீட்டில் டையைத் தலைகீழாகப் பிடித்து விளக்கில் காட்டினேன். வாய்ப்பக்கம் தனியாகத் தெரிய வேண்டிய கார்பைடு வளையம் இல்லை. உள்சுவரில் கீறல் வேறு. புதுப் பெட்டி, பழைய டை.

அதே பெட்டியில் இருந்த கடைசி டை, கூட்டின் வாயை உள்பக்கமாகச் சுருட்டுகிற ரகம். .38 ஸ்பெஷல், .357 மேக்னம் மாதிரி ரிவால்வர் தோட்டாவுக்கு அது சரி. அவை துப்பாக்கியின் அறைக்குள் பின்பக்க விளிம்பில் தாங்கி நிற்பவை. 9 எம்எம் தோட்டா அறைக்குள் நிற்பது தன் வாயின் ஓரத்தால். அதைச் சுருட்டிவிட்டால் தாங்க எதுவும் இல்லை. வாயை லேசாக ஒடுக்கினால் போதும், அதற்கு வேறு டை இருக்கிறது. ரைஃபிள் கூட்டில் கழுத்துக்குக் கீழே சரியும் 'தோள்பட்டை'யைக் கணக்கு வைத்தே பழகிய நமக்கு இந்தக் கேள்வி வாயில் வரவே வராது.

பெரிய மோசடி கூடுகளில்தான். 'ஒரே முறை சுட்டது, கழுவி, தரம் பிரித்தது' என்று சொல்லி ஆயிரம் கூடுகள். மேல் வரிசை தங்கம் மாதிரி மின்னியது. மேஜையில் கொட்டி ஒரு காந்தத்தை மேலே ஓட்டினேன், கொத்தாக ஒட்டிக்கொண்டு வந்தது. எஃகுக் கூட்டுக்குப் பித்தளைப் பூச்சு! பித்தளை காந்தத்தில் ஒட்டாது என்பது பள்ளிக்கூடப் பிள்ளைக்கும் தெரியும். மிச்சத்தில் .380 என்ற வேறு ரகக் கைத்துப்பாக்கித் தோட்டாவின் கூடுகள் கலந்திருந்தன. குறுக்களவு கிட்டத்தட்ட ஒன்று, நீளம்தான் இரண்டு மில்லிமீட்டர் குறைவு, அவசரத்தில் கண்ணுக்குத் தப்பிவிடும்.

நிஜமான 9 எம்எம் கூடுகளிலும் நிறைய ராணுவச் சரக்கு. அடியில் வட்டத்துக்குள் சிலுவை போட்ட நேட்டோ முத்திரை, பிரைமரைச் சுற்றி அழுத்திய வளையம். 7.62 நேட்டோ ரைஃபிள் கூடுகளைக் கையாண்டவர்களுக்கு இந்த வளையம் பழக்கம்தான். அதை நீக்காமல் புதுப் பிரைமர் ஒழுங்காக இறங்காது, பாதியில் சாய்ந்து நிற்கும். 'தரம் பிரித்தது' என்று காசு வாங்கியது எதற்கு? விளிம்புகளை லென்ஸில் பார்த்தால் பல கூடுகளில், சுட்ட கூட்டை அறையிலிருந்து வெளியே இழுக்கும் எக்ஸ்ட்ராக்டர் கொக்கியின் தழும்பு ஒன்றுக்கு மேல், வெவ்வேறு இடங்களில். ஒரே முறை சுட்டதாம்!

நான் வாய்விட்டுக் கத்தியது பவுடருக்காக. கம்பெனி டப்பா இல்லை. பிளாஸ்டிக் ஜாடியில் கொட்டி, ஒரு பிஸ்டல் பவுடரின் பெயரைப் பேனாவால் எழுதி ஒட்டியிருந்தார்கள். 'மொத்தமாக வாங்கிப் பிரித்தது, நான் கேரண்டி' என்றார். பார்வைக்கு ஒரே மாதிரி இருக்கும் இரண்டு பவுடர்களின் எரிவேகம் முற்றிலும் வேறாக இருக்கலாம், எந்த அளவு அட்டவணையும் சரியான பெயருக்கு மட்டுமே பொருந்தும். அதோடு, ரைஃபிள் கூட்டில் தவறி இரண்டாம் முறை பவுடர் விழுந்தால் பெரும்பாலும் வழிந்து காட்டிக்கொடுத்துவிடும். வேகமாக எரியும் பிஸ்டல் பவுடரோ கூட்டின் ஒரு பகுதியைத்தான் நிரப்பும், இரட்டை அளவும் சத்தமில்லாமல் உள்ளே உட்காரும். கையில் பிடித்திருக்கும் துப்பாக்கி வெடிக்க அது போதும். அப்படிப்பட்ட வேலைக்கு ஊர் பேர் தெரியாத பவுடரா?

போதாக்குறைக்கு, ஜிப் பையில் ரீலோட் செய்த தோட்டாக்களை நீட்டி "சுட்டுப் பாருங்கள், மலிவுதான்" என்றார். சொந்த உபயோகத்துக்கு ரீலோட் செய்ய மத்திய அரசு லைசென்ஸ் தேவையில்லை. தொழிலாகச் செய்து விற்க டைப் 06 லைசென்ஸ் வேண்டும். எங்கே என்று கேட்டதும் பை மேஜைக்கு அடியில் போய்விட்டது. லைசென்ஸ் இருந்தாலும் முகம் தெரியாதவன் நிரப்பியதை நான் சுட மாட்டேன், அது வேறு விஷயம்.

எல்லாவற்றையும் திருப்பிக் கொண்டுபோனேன். டைக்கு 'பெட்டி திறந்தாச்சு' என்று கைவிரித்தார். கூட்டுக்கு, பாதிக் காசுக்குக் கடையிலேயே வேறு ஏதாவது எடுத்துக்கொள்ளச் சொன்னார். ரசீதில் 'ஒரே முறை சுட்ட 9 எம்எம்' என்று எழுதி வாங்கியிருந்ததால் கார்டு கம்பெனியில் புகார் கொடுக்க முடிந்தது. கூட்டுக்கான தொகை தற்காலிகமாக வந்திருக்கிறது, டை பாக்கி. கூடவந்த தம்பி ஒருவன் "விடுங்கண்ணா, நூறு டாலர்தானே" என்றான். காசு கிடக்கட்டும். பவுடர் ஜாடியை மட்டும் மறுபேச்சில்லாமல் வாங்கிக்கொண்டார், நான் பார்த்துக்கொண்டிருக்கும்போதே அதே அலமாரியில் திருப்பி வைத்தார். ஹூஸ்டன் பக்கம் கடைகளில் பேனாவால் எழுதிய ஸ்டிக்கர் ஒட்டிய ஜாடியைப் பார்த்தால், விலை என்னவாக இருந்தாலும் தொடாதீர்கள்.