ஒம்பது பேர் வீட்டுக்கு 12 லிட்டர் குக்கர்: ரெண்டு வருஷம் ஓட்டிட்டு எழுதுறேன்

எங்க வீட்ல மொத்தம் ஒம்பது பேர். மாமனார் மாமியார், நாங்க ரெண்டு பேர், கொழுந்தன், நாலு பிள்ளைங்க, அதுல ரெண்டு பேர் வளர்ற வயசு, தட்டுல போட்டா போட்ட எடம் தெரியாது. ஒரு நாளைக்கு சாப்பாட்டுக்கு இவ்வளவுதான்னு காலையிலயே பணத்த எடுத்து தனியா ஒரு டப்பாவுல வெச்சிருவேன், அது தீந்தா அன்னிக்கு தீந்ததுதான், மறுநாள் பணத்துல கை வைக்க மாட்டேன். இப்படி ஓட்டுற வீட்ல அடுப்படி சாமான்ல எதுக்கு காசு போடலாம்னு கேட்டா பெரிய பிரஷர் குக்கருக்கு போடுங்கன்னுதான் சொல்லுவேன். நான் வாங்குனது 12 லிட்டர், அலுமினியம், வெளிப்பக்கம் மூடுற மூடி.

இதுக்கு முன்னாடி 5 லிட்டர் குக்கர்தான் இருந்துச்சு. ஒரு வேளைக்கு மூணு தடவ ஏத்தி இறக்கணும், சாதம் ஒரு தடவ, பருப்பு ஒரு தடவ, காய் ஒரு தடவ. அந்த அலுப்புலயே கடலை, பயறுன்னு ஊற வெச்சு வேக வைக்கிற சாமான் பக்கமே போக மாட்டேன், சட்டுனு ஆகுற பாக்கெட் சாமானா வாங்கிருவேன், அது வயித்துல நிக்காது, ஒரு மணி நேரத்துல பிள்ளைங்க பசிக்குதும்மான்னு வந்து நிக்கும், மறுபடி எதாவது வாங்கணும். ஒரு மாசம் நோட்டுல ஒவ்வொன்னா எழுதி கூட்டி பாத்தேன். காசு கரைஞ்சது அரிசி பருப்புல இல்ல, இந்த நடு நேரத்து சில்லறை சாமான்லதான். அதுக்கப்புறம்தான் பெரிய குக்கர் வாங்கியே ஆகணும்னு முடிவு பண்ணுனேன்.

இப்ப 1 கிலோ காஞ்ச கொண்டைக்கடலைய ராத்திரி ஊறப் போட்டா விடியிறப்ப ரெண்டு கிலோ கிட்ட வந்து நிக்குது, வெந்து இறங்குறப்ப அதுக்கும் மேல. ஒம்பது பேருக்கு பிரிச்சா ஆளுக்கு கால் கிலோ, யாரும் யாருக்கும் விட்டுக் குடுக்க வேண்டாம். காஞ்ச கடலை, பயறுல நூறு கிராமுக்கு 20 கிராம், அதுக்கு கொஞ்சம் மேலயும் புரதம் இருக்கு. அரிசி கோதுமைல லைசின்னு ஒரு சத்து கம்மி, அது பயறுல நெறைய இருக்கு, பயறுல கம்மியா இருக்கிற மெத்தியோனின்னு இன்னொரு சத்து தானியத்துல இருக்கு, அதனால ரெண்டையும் சேத்து சாப்பிட்டா ஒன்னோட கொறைய இன்னொன்னு ஈடு கட்டிரும். கறி, மீன் தெனமும் வாங்க முடியாத வீட்டுக்கு இது எவ்வளவு பெரிய தைரியம்னு வாங்க முடியாதவங்களுக்குதான் தெரியும்.

வேகுற நேரத்த பத்தி சொல்லணும். தொறந்த பாத்திரத்துல தண்ணி 100 டிகிரிக்கு மேல சூடாகாது, குக்கருக்குள்ள ஆவி அடைபட்டு அழுத்தம் ஏறுறதால 120 டிகிரி கிட்ட போகுது. ஊறுன கடலை சும்மா பாத்திரத்துல ஒரு மணி நேரத்துக்கு மேல கொதிக்கும், இதுல மொத விசில் வந்ததும் தீய நல்லா குறைச்சு இருவது நிமிஷம் விட்டா போதும். சின்னவ ஒன்ன எடுத்து ரெண்டு விரலால அமுக்குவா, தோல் மட்டும் விரல்ல நிக்கும், உள்ள இருக்கறது வெண்ணெயா வழியும், அதுதான் எங்க வீட்டு டெஸ்ட்டு. விசில் எண்ணாதீங்க, நிமிஷம் பாருங்க. பெரிய குக்கர்ல மொத விசில் வரவே நேரம் ஆகும், தீ கூட இருந்தா விசில் வேகமா வரும், ஆனா உள்ள சூடு அதே சூடுதான், கேஸ்தான் வீணாகும். சாதம் வைக்கிறப்ப அடியில தண்ணி ஊத்தி பருப்பு ஒரு பாத்திரம், அதுக்கு மேல சாதம், எல்லாத்துக்கும் மேல காய்னு அடுக்கிருவேன், ஒரே தீயில மூணும் முடிஞ்சிரும்.

வாங்குறவங்க ஏமாறுற எடம் ஒன்னு இருக்கு. 12 லிட்டர்னா 12 லிட்டர் சமைக்கலாம்னு நெனைக்காதீங்க. தண்ணியோட சேத்து மூணுல ரெண்டு பங்குக்கு மேல போகக் கூடாது, பருப்பு, பயறு, அரிசி மாதிரி பொங்கி நுரைக்கிற சாமான்னா பாதிதான். அதாவது 6 லிட்டர். நான் இத ஒரு தடவ மீறிட்டேன். சொந்தக்காரங்க வந்திருந்தாங்க, பருப்பு கொஞ்சம் கூடுதலா போட்டுட்டேன், நுரை ஏறி ஆவி போற ஓட்டைய அடைச்சிருச்சு, விசிலே வரல, திடீர்னு சேஃப்டி வால்வு போய் பருப்பு மேல் சுவர் வரைக்கும் அடிச்சுது. பக்கத்துல யாரும் இல்ல, மாமியார் அப்பதான் பிள்ளைய தூக்கிக்கிட்டு வெளிய போயிருந்தாங்க. இன்னிக்கு நெனைச்சாலும் கை நடுங்குது. அந்த வால்வு வேல செஞ்சதாலதான் குக்கர் வெடிக்கல. அன்னிலருந்து ஏத்துறதுக்கு முன்னாடி மூடிய வெளிச்சத்துல தூக்கி அந்த ஓட்டை வழியா அந்தப் பக்கம் தெரியுதான்னு பாக்காம மூடுறதில்ல.

அடுத்தது காஸ்கெட். எட்டு ஒம்பது மாசத்துல ஒரு பக்கமா ஆவி கசிய ஆரம்பிச்சுது, விசில் வர எப்பவும் ஆகுறத விட ரெண்டு மடங்கு நேரம். மாத்தலாம்னு போனா ஒரு கடையில கம்பெனி காஸ்கெட்டுன்னே சொல்லி குடுத்தாங்க, மூணே வாரத்துல அது இளகி தொங்கிருச்சு, திருப்பிக் கேட்டா வித்த சாமான் வாங்க மாட்டோம்னு சொல்லிட்டாங்க. நாள் கணக்கா பாத்து பாத்து மிச்சம் புடிச்ச காசு அது, ரொம்ப வேதனையா இருந்துச்சு. அதனால குக்கர் வாங்குறப்பவே அதே மாடலுக்கு காஸ்கெட்டு ஒன்னும் சேஃப்டி வால்வு ஒன்னும் சேத்து வாங்கி வெச்சுக்கோங்க.

அலுமினியம் வாங்குனதுல எனக்கு வருத்தம் இல்ல, வெல கம்மி, கனம் கம்மி, சூடு சமமா பரவுது. ஆனா இண்டக்ஷன் அடுப்புல வேல செய்யாது, தக்காளி மாதிரி புளிப்பு சாமான அதுல போட்டு ரொம்ப நேரம் வைக்கக் கூடாது, உள்பக்கம் கறுத்து அரிக்கும். புளிப்ப நான் கடைசியில வேற பாத்திரத்துலதான் சேப்பேன், கடலையும் புளிப்பு இல்லாம வெந்தாதான் சீக்கிரம் மெத்துனு ஆகும். வசதி இருந்தா ஸ்டீல் வாங்குங்க. எதுவா இருந்தாலும் நெறைஞ்ச குக்கர ஒத்தையா தூக்காதீங்க, ரெண்டு பக்கமும் புடி இருக்கான்னு பாத்து வாங்குங்க.

1679ல டெனி பாப்பேன்னு ஒரு பிரெஞ்சுக்காரர்தான் இதோட மொத வடிவத்த செஞ்சாராம், எலும்ப மெத்துனு வேக வைக்கிறதுக்கு. அதுக்கு சேஃப்டி வால்வும் அவரே சேத்தாரு. யாரும் சீந்தாத எலும்புலருந்தும் சத்து எடுக்கணும்னு ஒருத்தர் யோசிச்சிருக்காரேன்னு படிச்சப்ப மனசுக்கு ரொம்ப நெருக்கமா இருந்துச்சு.

செவப்பு ராஜ்மா வாங்குறவங்க கொஞ்சம் கவனமா இருங்க. பச்சையா, இல்ல அரைவேக்காடா நாலஞ்சு கொட்டை சாப்பிட்டாலே வாந்தி பேதி வரும், அதுல இருக்கிற லெக்டின்ங்கிற நச்சுப் பொருள்தான் காரணம், நல்லா கொதிச்சாதான் அது போகும். அஞ்சு மணி நேரமாவது ஊற வெச்சு, அந்த தண்ணிய கொட்டிட்டு, புது தண்ணியில குக்கர்ல வேக வைங்க.

மொத்தமா சமைச்சா மிஞ்சுறத பாதுகாக்கத் தெரியணும், கெட்டுப் போய் கொட்டுனா மிச்சம் புடிச்சதெல்லாம் அதோட போச்சு. குக்கரோட அப்படியே ஆற விட்டா நடுவுல மணிக்கணக்குல வெதுவெதுன்னே இருக்கும், சாதம் பருப்பு கெடுறதுக்கு அந்த சூடே போதும். ரெண்டு மூணு அகல தட்டுல பரப்பி ஆற வெச்சு ரெண்டு மணி நேரத்துக்குள்ள ஃப்ரிட்ஜுல வெச்சிருவேன். வேக வெச்ச கடலைல பாதிய இப்படி எடுத்து வெச்சு மறுநாள் வேற மாதிரி பண்ணுவேன், அன்னிக்கு டப்பாவுல கொஞ்சம் பணம் மிஞ்சும், அது முட்டைக்கு ஆகும்.

அஞ்சாறு பேர்னா இவ்வளவு பெருசு வேண்டாம், 7, 8 லிட்டரே தாராளம். எட்டு பேருக்கு மேலன்னா 12க்கு கீழ போகாதீங்க. ராத்திரி கழுவுனதும் காஸ்கெட்ட கழட்டி துடைச்சு தனியா மாட்டி வைங்க, மூடிய பூட்டி வைக்காதீங்க. அந்த இளகிப் போனதுக்கு அப்புறம் வாங்குன காஸ்கெட்டு அப்படி வெச்சுதான் ஒரு வருஷம் தாண்டி இன்னும் கசியாம ஓடுது.