கேனான் 200டி + ரிசால்வ் ஃப்ரீ வெர்ஷன்: ஃபைனல் இயர் குறும்படத்துல இருந்து இன்னிக்கு வரைக்கும்

விஸ்காம் (விஷுவல் கம்யூனிகேஷன்) ஜூனியர் பசங்க அடிக்கடி கேக்குறது, "அண்ணா, 200டி கேமரா இன்னும் தாங்குமா, இல்ல கடன ஒடன வாங்கியாவது 4கே மிரர்லெஸ்ஸுக்கு போயிரலாமா?" ஒவ்வொருத்தருக்கும் தனித்தனியா டைப் பண்ணி முடியல, அதான் மொத்தமா இங்கயே எழுதிடுறேன். ஃபைனல் இயர் படத்துக்கு வாங்குன அதே பாடியதான் இன்னமும் வச்சிருக்கேன், காதுகுத்து, கடை விளம்பரம், கோயில் கொடைன்னு எல்லாத்துக்கும் அதான் போகுது. எடிட்டிங் அன்னிக்கும் டாவின்சி ரிசால்வ் ஃப்ரீ வெர்ஷன்தான், இப்பவும் அதான்.

படம் சின்னது. திருநெல்வேலி பக்கம் ஒரு தெரு, தனியா இருக்குற ஒரு ஆச்சி, வீட்ட விக்கணும்னு மெட்ராஸ்ல இருந்து வந்து நிக்கிற மகன், அவ்ளோதான் கதை. ஆள் பத்தாததால கேமராவும் நான், எடிட்டும் நான். இப்ப யோசிச்சா அதுதான் பெரிய லாபம். கேமரா மட்டும் பாக்குறவன் ஷாட் அழகா வந்துச்சான்னு பாப்பான், எடிட்டர் இது அடுத்ததோட ஒட்டுமான்னு பாப்பான், ரெண்டும் ஒரே ஆளா இருந்தா நைட்டு டைம்லைன்ல பட்ட எரிச்சல் மறுநாள் காலைல கேமரா பிடிக்கிற கைக்கு வந்துரும். அதனால அன்னன்னிக்கு எடுத்தத அன்னிக்கு நைட்டே ரஃபா ஒட்டிப் பாத்துருங்க, ஷூட்டிங் மொத்தமும் முடிஞ்சப்புறம் உக்காரலாம்னு விட்டா கத்துக்க வேண்டியத கத்துக்குறப்ப லொகேஷன் கையில இருக்காது.

கேமராக்கு வருவோம். 2017ல வந்த மாடல், 24 மெகாபிக்சல், ஏபிஎஸ்-சி சென்சார், வீடியோ 1080பி வரைக்கும்தான். மெனுவுல வீடியோ சிஸ்டம்னு ஒன்னு இருக்கும், என்டிஎஸ்சியா (NTSC) பாலான்னு (PAL) கேக்கும். நம்மூரு கரண்ட் 50 ஹெர்ட்ஸ், அதனால கண்ண மூடிட்டு பால், 25 ஃப்ரேம், ஷட்டர் 1/50. இத 30 ஃப்ரேம் 1/60ன்னு வச்சு டியூப்லைட் அடில எடுத்தா ஸ்க்ரீன்ல பட்டை பட்டையா ஓடும், அத எடிட்ல சரி பண்றது பெரும்பாடு. சரி, ஷட்டர 1/50ல பூட்டியாச்சு, இப்ப நெல்லை வெயில்ல வெளிய வந்தா ஐஎஸ்ஓ (சென்சாரோட வெளிச்ச உணர்வு) 100ல கூட அபெர்ச்சர், அதாவது லென்ஸ் துவாரம், எஃப் 16, எஃப் 22ன்னு சின்னதாப் போய் நிக்கும், பேக்ரவுண்டு பிளர் கனவெல்லாம் அதோட காலி. பலபேர் இங்கதான் ஷட்டர ஏத்திட்டு போயிருவாங்க, அப்புறம் கையசைவு எல்லாம் வெட்டி வெட்டி தெரியும். லென்ஸ் முன்னாடி மாட்டி வெளிச்சத்த வேணுங்கிற அளவு குறைக்கிற வேரியபிள் என்டி ஃபில்டர் ஒன்னு வாங்குங்க, 50எம்எம் எஃப் 1.8 எஸ்டிஎம் லென்ஸுக்கு 49எம்எம் சைஸ்.

அந்த 50எம்எம் பத்தி எல்லாரும் ஆஹா ஓஹோம்பாங்க, சரிதான், ஆனா இந்த சென்சார் சின்னது, 1.6 மடங்கு கிராப், பெரிய ஃபுல் ஃப்ரேம் சென்சார்ல 80எம்எம் மாட்டுன கணக்கு. ஆச்சி வீட்டுத் திண்ணை ஒரு ஆள் படுக்குற அகலம்தான், அவங்கள இடுப்புக்கு மேல ஃப்ரேம் பண்ணணும்னா நான் தெருவுல போய் நிக்கணும், பைக் வந்தா கட். அதனால பாதிக்கு மேல கேமராவோட சேத்து வர்ற கிட் லென்ஸ்ல, 18-55ல எடுத்ததுதான், யாரும் வித்தியாசம் கேக்கல. இன்னொன்னு, இந்த எஸ்டிஎம் லென்ஸ்ல ஃபோகஸ் ரிங் மோட்டார் வழியாதான் வேலை செய்யும், நேரடியா கண்ணாடிய திருப்பாது, கேமரா ஆஃப்ல இருந்தா ரிங்க சுத்துனாலும் ஒன்னும் நடக்காது. டேப் ஒட்டி மார்க் போட்டு ஃபோகஸ் புல் பண்றதெல்லாம் (ஷாட் ஓடும்போதே கையால ஃபோகஸ நகத்துறது) நம்பி இறங்காதீங்க. டூயல் பிக்சல் ஆட்டோஃபோகஸ் இருக்கே, அது முகத்துக்கு தங்கம், ஸ்க்ரீன்ல தொட்டா மெதுவா அழகா போகும், ஆனா ஆச்சி வெத்தலய எடுத்து முகத்துக்கு நேரா கொண்டு வந்தா கைக்குத் தாவிரும், அந்த மாதிரி ஷாட்டுக்கு மேனுவல்ல பூட்டிருங்க.

வெத்தலன்னதும் ஞாபகம் வருது. வைட்ல ஒரு தடவ, குளோசப்ல ஒரு தடவ, சைடுல ஒரு தடவன்னு மடிக்கச் சொல்ல, ஆச்சி சுண்ணாம்பு விரலோட நிமிந்து "ஏல, எத்தன மட்டம்ல இத மடிக்கச் சொல்லுத? வாயி வெந்து போச்சு"ன்னுட்டாங்க. ஆனா அந்த மூணு ஆங்கிள்லதான் கட்டிங் பிடிபட்டுச்சு. மடிச்சு முடிச்சப்புறம் கட் பண்ணா ஒரு குதி தெரியுது, காம்பைக் கிள்ளுற அந்த அசைவுக்கு நடுவுல வைட்ல இருந்து குளோசப்புக்கு வெட்டுனா கட்டே தெரியல. ஒன்னு ரெண்டு ஃப்ரேம் முன்னப்பின்ன நகத்தி நகத்தி பாத்தா அந்த இடம் தானா சிக்கும். அதுக்கு ரெண்டு ஷாட்லயும் அதே கையில காம்பு இருக்கணும், அத கவனிக்க ஒரு ஆள தனியா போடுங்க.

ஆக்‌ஷனுக்கு முன்னாடி அஞ்சு செகண்ட், கட்டுக்கு அப்புறம் அஞ்சு செகண்ட் கேமரா ஓடட்டும். எங்க படத்துல எல்லாரும் பாராட்டுன ஷாட், மகன் "அட்வான்ஸ் வாங்கிட்டேம்மா"ன்னு சொன்னதும் ஆச்சி உள்பக்கம் திரும்பிப் பாக்குறது. என்னமா அழுகைய அடக்குறாங்கன்னு எக்ஸ்டர்னல் சார் கூட சொன்னாரு. அது சீன் ஆரம்பிக்கிறதுக்கு முன்னாடி ஓடுன துண்டு, அடுப்புல வச்ச பால் பொங்கிருச்சான்னு பாத்த பார்வை. பக்கத்துல எந்த ஷாட்ட ஒட்டுறோமோ அத வச்சுதான் ஒரு முகத்துக்கு அர்த்தம் வரும்னு கிளாஸ்ல குலெஷோவ் எஃபெக்ட்னு பரீட்சைக்கு மனப்பாடம் பண்ணது அன்னிக்கு நைட்டுதான் மண்டைக்குள்ள இறங்குச்சு.

சவுண்டுதான் படுத்தும். இந்த பாடில மைக் குத்த எடம் இருக்கு, ஹெட்ஃபோன் குத்த எடம் கிடையாது, என்ன ரெக்கார்டு ஆகுதுன்னு கேக்கவே முடியாது. அதனால காலர் மைக்க போன்ல குத்தி தனியா எடுத்துட்டு, ஒவ்வொரு டேக்குக்கும் ஒரு கைதட்டு. ரிசால்வ்ல ஆட்டோ சிங்க்ல வேவ்ஃபார்ம்னு குடுத்தா சத்தத்த வச்சு வீடியோவோட அதுவே ஒட்டிக்கும். ஃபேன ஆஃப் பண்ணுங்க, பக்கத்து வீட்டு குக்கர் அடங்குற வரைக்கும் காத்திருங்க, லொகேஷன விட்டு கிளம்புறதுக்கு முன்னாடி எல்லாரையும் வாயமூட சொல்லி அர நிமிஷம் வெறும் ரூம் சவுண்ட எடுங்க. டயலாக்குக்கு நடுவுல வெட்டுற இடமெல்லாம் பொத்தல் மாதிரி கேக்கும், அத அடைக்க அது ஒன்னுதான் வழி.

ரிசால்வ் ஃப்ரீல 4கே யுஎச்டி, 60 ஃப்ரேம் வரைக்கும் எக்ஸ்போர்ட் பண்ணலாம், ஸ்டூடியோ வெர்ஷனுக்கான எஃபெக்ட தொட்டாதான் வாட்டர்மார்க் விழும். நாய்ஸ் ரிடக்‌ஷன் அந்த லிஸ்ட்ல இருக்கு, அதனால நைட் சீன்ல ஐஎஸ்ஓவ கண்டபடி ஏத்தாம ஒரு எல்இடி லைட்ட வாடகைக்கு எடுத்துருங்க. ரேம் 16 ஜிபி வேணும்னு அவங்களே சொல்றாங்க, என் பழைய லேப்டாப்ல 8தான், பிராக்ஸி (எடிட்டுக்குன்னு போடுற லேசான காப்பி) போட்டுதான் ஓட்டுனேன், வேகம் கம்மிதான் ஆனா வேலை நடந்துச்சு. டைம்லைன் ஃப்ரேம் ரேட்ட முதல்லயே 25ன்னு வச்சிருங்க, கிளிப் போட்டப்புறம் மாத்த விடாது. போன்ல எடுத்த வீடியோவ கலக்குறதா இருந்தா ஃப்ரேம் ரேட் ஏறி இறங்கி இருக்கும், ஹேண்ட்பிரேக்னு ஒரு கன்வர்ட்டர் சாஃப்ட்வேர் இருக்கு, அதுல கான்ஸ்டன்ட் 25க்கு மாத்திட்டு உள்ள கொண்டு வாங்க. ப்ராஜெக்ட் டேட்டாபேஸ்க்குள்ளதான் சேவ் ஆகும், ஃபோல்டர்ல தேடுனா கெடைக்காது, தினமும் ப்ராஜெக்ட்ட ஒரு டிஆர்பி (.drp) ஃபைலா எக்ஸ்போர்ட் பண்ணி பென்டிரைவ்ல போட்டு வைங்க.

கலர்ல ரொம்ப ஆடாதீங்க, 8 பிட் ஃபைல், இழுத்தா வானம் படிக்கட்டு படிக்கட்டா ஆகிரும். பிக்சர் ஸ்டைல் நியூட்ரல், ஒயிட் பேலன்ஸ் ஆட்டோல விடாம பூட்டு. லேப்டாப் ஸ்க்ரீன நம்பாம, ரிசால்வ்ல படத்தோட வெளிச்ச அளவக் காட்டுற வேவ்ஃபார்ம் ஸ்கோப்ப பாருங்க, ஏன்னா காலேஜ் ஹால் ப்ரொஜெக்டர்ல இருட்டு சீனெல்லாம் நாம பாத்தத விட ரெண்டு மடங்கு இருட்டாதான் விழும்.

4கே வேணும்னு 200டி மார்க் 2 பக்கம் போறவங்களுக்கு ஒன்னு, அதுல 4கே போட்டா ஃப்ரேம் இன்னும் கிராப் ஆகும், டூயல் பிக்சல் ஆட்டோஃபோகஸும் வேலை செய்யாது. 1080ல எடுக்கப் போறீங்கன்னா பழசே போதும், மிச்ச காச மைக், என்டி, எக்ஸ்ட்ரா எல்பி-இ17 பேட்டரின்னு போடுங்க, லைவ் வியூல, அதாவது ஸ்க்ரீன்ல பாத்து எடுக்குறப்ப, பேட்டரி சீக்கிரம் இறங்கும். செகண்ட்ஸ்ல வாங்குறதா இருந்தா ஸ்க்ரீன் கீல ரெண்டு பக்கமும் திருப்பிப் பாருங்க, மைக் பின்ன குத்தி ஆட்டிப் பாருங்க கொரகொரன்னு வருதான்னு, ஒரு வெள்ளச் சுவர எஃப் 16ல எடுத்து சென்சார்ல புள்ளி இருக்கான்னு ஜூம் பண்ணிப் பாத்துட்டு அப்புறம் காசக் குடுங்க.