நவம்பரா, மார்ச்சா?

அமெரிக்கக் கல்லூரிக் கூடைப்பந்தில் ஒரு மாதம்தான் பார்க்க முடியும் என்றால் எதை எடுப்பது? சீசன் தொடங்கும் நவம்பரையா, தேசிய நாக்-அவுட் தொடர் நடக்கும் மார்ச்சையா?

அதிர்ச்சி: மார்ச்சில், 2018இல் கடைசித் தரநிலையில் இருந்த யுஎம்பிசி என்ற சிறு கல்லூரி அணி, முதல் தரநிலையில் இருந்த வர்ஜீனியாவை 74-54 என வீழ்த்தியது. நவம்பரும் சளைத்ததல்ல. 2019இல் முதலிடத்தில் இருந்த கென்டக்கியை அதன் சொந்த அரங்கிலேயே எவன்ஸ்வில் என்ற சிறிய அணி சாய்த்தது, 67-64. சரியாக இரண்டே வாரத்தில் டியூக்குக்கும் அதே கதி. கூடுதல் நேரத்தின் கடைசி நொடிகளில் பந்து கைமாற, ஸ்டீபன் எஃப். ஆஸ்டின் பல்கலைக்கழக அணியின் நேதன் பெய்ன் தன்னந்தனியாக ஓடிப்போய்க் கூடையில் போட்டார். 85-83!

தோற்றால்: நவம்பரில் தரவரிசை சரியும், அவ்வளவுதான். மார்ச்சில் 68 அணிகள். ஒருமுறை தோற்றால் மூட்டை கட்ட வேண்டியதுதான்.

நகம் கடித்துக்கொண்டு பார்க்க மார்ச். புதுப் பையன்களை முன்கூட்டியே கண்டுகொள்ள நவம்பர். என் ஓட்டு நவம்பருக்கே.