வெயிட்லிஸ்ட்: நிதி உதவி கேட்டவருக்கு ஒரு கணக்கு, கேட்காதவருக்கு வேறு

அமெரிக்கக் கல்லூரி ஒன்று வெளிநாட்டு மாணவரை வெயிட்லிஸ்ட்டில் (காத்திருப்போர் பட்டியலில்) வைத்தால், முதலில் பார்க்க வேண்டியது அதன் நிதி உதவிக் கொள்கையை. இடம் கிடைத்தவர்கள் முன்பணம் கட்டி உறுதிசெய்ய வேண்டிய மே 1 டெபாசிட் கெடு முடிந்த பிறகே எத்தனை இடம் காலி என்று தெரியும். அதற்குள் உதவித்தொகையில் பெரும்பகுதி மற்றவர்களுக்கு வாக்களிக்கப்பட்டிருக்கும்.

ஹார்வர்டு, யேல், பிரின்ஸ்டன், எம்.ஐ.டி., ஆம்ஹெர்ஸ்ட் போன்ற சில கல்லூரிகள், வெளிநாட்டவர் உதவி கேட்டாரா என்று பார்க்காமலே தேர்வு செய்கின்றன. இங்கே உதவி கேட்டதால் இழப்பில்லை. பட்டியல் நகர்வதுதான் அபூர்வம். ஆனால் இப்படி 'நீட்-பிளைண்ட்' (பணத் தேவையைப் பார்க்காதவை) என்று சொல்லும் கல்லூரிகளிலும் சில, வெயிட்லிஸ்ட்டுக்கு மட்டும் விலக்கு வைத்திருக்கின்றன. அட்மிஷன் அலுவலகத்துக்கு ஒரு வரி மின்னஞ்சல் போட்டுக் கேட்டுவிடலாம்.

மற்றவை 'நீட்-அவேர்', அதாவது உதவி கேட்டாரா என்பதையும் பார்த்துத் தேர்வு செய்பவை. வெளிநாட்டவர் விஷயத்தில் ஸ்டான்ஃபோர்டும் இப்படித்தான். இங்கே முழுக் கட்டணம் கட்டுபவருக்கே மே, ஜூன் மாதங்களில் கதவு திறக்க வாய்ப்பு அதிகம். உதவி கேட்டவரிலும் ஆண்டுக்கு 15,000 டாலர் கேட்டவரும் 70,000 கேட்டவரும் ஒன்றல்ல. 70,000 தேவைப்படுபவர் அந்த இடத்தை மறந்துவிடுவதே நல்லது என்பது எங்கள் கருத்து.

'உதவி வேண்டாம் என்று எழுதிவிட்டால் கிடைத்துவிடுமே' என்று பலர் யோசிக்கிறார்கள். இதில்தான் மாட்டிக்கொள்வது. விண்ணப்பத்தில் உதவி கேட்காத வெளிநாட்டவர் நான்கு ஆண்டும் கேட்க முடியாது என்பது ஸ்டான்ஃபோர்டின் விதி. இதே போன்ற விதி வேறு இடங்களிலும் உண்டு. முதல் ஆண்டுச் செலவுக்கான பணத்தை வங்கிச் சான்றோடு காட்டினால்தான் விசாவுக்குத் தேவையான, கல்லூரி தரும் ஐ-20 படிவம் வரும். எஃப்-1 என்னும் மாணவர் விசாவில் வளாக வேலை, வகுப்பு நடக்கும் நாள்களில் வாரம் 20 மணி நேரம்தான். 90,000 டாலரை ஒட்டிய ஆண்டுச் செலவில் அது கைச்செலவுக்குத்தான் காணும்.

குடும்பத்தின் நிலை உண்மையிலேயே மாறியிருந்தால் கதை வேறு. வெளி உதவித்தொகை கிடைத்தது, உறவினர் பொறுப்பேற்றார் என்றால், ஆண்டுக்கு எத்தனை டாலர் கூடுதலாகக் கட்ட முடியும் என்று எண்ணோடு, ஆதாரத்தோடு எழுதுங்கள்.

எந்தப் பக்கமானாலும் மே 1-க்குள் இடம் கொடுத்த கல்லூரி ஒன்றில் டெபாசிட் கட்டிவிடுங்கள். வெயிட்லிஸ்ட் அழைப்பு வந்தால் பதில் சொல்லச் சில நாள்தான் தருவார்கள், சி.எஸ்.எஸ். புரொஃபைல் (குடும்ப நிதி விவரம் தரும் உதவி விண்ணப்பம்) அரைகுறையாகக் கிடந்தால் உதவிக் கணக்கு வருமுன் கெடு போய்விடும். கல்லூரி மாறினால் டெபாசிட் பெரும்பாலும் திரும்பாது. மாணவர் விசாவுக்காக அமெரிக்க அரசுக்குக் கட்டும் 350 டாலர் செவிஸ் கட்டணத்தை மட்டும் புதிய ஐ-20-க்கு மாற்றிக்கொள்ளலாம்.