ரிச்சி தெரு அசெம்பிள் கடை: விண்டோஸுக்குத் தனி விலை எழுதிய கொட்டேஷன்

ஐந்துக்கு நாலு நட்சத்திரம். அந்த நாலில் இரண்டு, கடைக்காரர் எழுதிக் கொடுத்த கொட்டேஷன் தாளுக்கு மட்டும்.

திருவல்லிக்கேணியில் டிடிபி சென்டர் வைத்திருக்கிறேன். பல்கலைக்கழகம் பக்கத்திலேயே என்பதால் ஆய்வேடு டைப்பிங், பைண்டிங்தான் பிழைப்பு. முகூர்த்த மாதங்களில் கல்யாணப் பத்திரிகை வேலையும் வரும். கடையில் மூன்று மெஷின், மூன்றும் ஆறாம் தலைமுறை பிராசசர். விண்டோஸ் 10க்கு 2025 அக்டோபர் 14ஓடு ஆதரவு நின்றுவிடும் என்று அறிவித்திருந்தார்கள். விண்டோஸ் 11 போடலாம் என்றால் இன்டெலில் எட்டாம் தலைமுறையாவது இருக்க வேண்டும், டிபிஎம் 2.0 என்கிற பாதுகாப்புச் சிப் வேண்டும் என்கிறது மைக்ரோசாஃப்ட். ஒரு கோளாறும் இல்லாமல் ஓடிக்கொண்டிருக்கிற பெட்டிகளைத் தூக்கிப் போடச் சொன்னால் வயிறு எரியாதா? செப்டம்பர் கடைசியில் ரிச்சி தெருவுக்குக் கிளம்பினேன்.

கடை ரிச்சி தெருவிலிருந்து நரசிங்கபுரம் தெருப் பக்கம் திரும்பினால், மாடியில். அரசினர் தோட்டம் மெட்ரோவில் இறங்கி நடந்துவிடுங்கள், வண்டியில் போனால் நிறுத்த இடம் தேடியே பாதி நாள் போய்விடும். விமர்சனத்தில் கடைப் பெயரைப் போடவா என்று கேட்டதற்கு, "வேணாம்க்கா, வர்ற கூட்டத்துக்கே உட்கார இடமில்ல" என்றுவிட்டார் கடைக்கார பாய். உண்மைதான். ஒரே ஒரு ஸ்டூல், அதன்மேலும் ஒரு மானிட்டர்.

முதலில் கீழே இருக்கிற ஒரு பெரிய கடையில்தான் விலை கேட்டேன். மொத்தமாக ஒரு தொகை சொன்னார்கள். விண்டோஸ் உண்டா என்று கேட்டேன். "விண்டோஸ், ஆபீஸ், ஃபோட்டோஷாப் எல்லாம் லோட் பண்ணித் தந்துடுவோம் மேடம், அதுக்கு சார்ஜ் இல்ல." இந்தத் தெருவில் காலாகாலமாக இதுதான் வழக்கம். லேப்டாப்பில்கூட டாஸ் மாடல் என்று, விண்டோஸ் இல்லாத ஒன்றை விலை குறைவாக விற்பார்கள். வாங்கிய கையோடு பக்கத்துக் கடையில் திருட்டு விண்டோஸ் ஏற்றிக்கொண்டு வீட்டுக்குப் போவோம்.

பாய் அப்படிச் செய்யவில்லை. ஒரு தாளை எடுத்தார். பிராசசர், போர்டு, ரேம், எஸ்எஸ்டி, கேபினெட், எஸ்எம்பிஎஸ் என்று ஒவ்வொன்றுக்கும் ஒரு வரி, பக்கத்தில் விலை, வாரண்டி எத்தனை வருஷம். கீழே ஒரு கோடு போட்டு மொத்தம்: 31,400. கோட்டுக்குக் கீழே இன்னொரு வரி: 'விண்டோஸ் 11 ஹோம், ஒரிஜினல்'. அது பத்தாயிரத்தை ஒட்டி. மறுபடி ஒரு மொத்தம். "மேலே இருக்கிறது மெஷின் காசு, கீழே இருக்கிறது மைக்ரோசாஃப்ட் காசு. எது வேணும்னு சொல்லுங்க."

அந்த இரண்டாவது மொத்தத்தைப் பார்த்தபோதுதான், இதற்காக ஐரோப்பாவில் எவ்வளவு பெரிய வழக்கு நடந்தது என்பது நினைவுக்கு வந்தது. 2004 மார்ச்சில் ஐரோப்பிய ஆணையம் மைக்ரோசாஃப்டுக்கு 49.7 கோடி யூரோ அபராதம் போட்டது. குற்றச்சாட்டு இரண்டு. ஒன்று, விண்டோஸோடு மீடியா பிளேயரைச் சேர்த்துக் கட்டி விற்றது. இரண்டாவதைப் பிறகு சொல்கிறேன். மீடியா பிளேயர் இல்லாத விண்டோஸையும் விற்க வேண்டும் என்பது உத்தரவு. மைக்ரோசாஃப்டும் கீழ்ப்படிந்தது, 'விண்டோஸ் எக்ஸ்பி என் (N)' என்று ஒன்றைக் கொண்டுவந்தது. விலை? பிளேயரோடு வருவதற்கு என்ன விலையோ அதே விலை. ஒரு பொருள் குறைவாக இருப்பதை அதே காசுக்கு யார் வாங்குவார்? கம்ப்யூட்டர் கம்பெனிகள் சீந்தவில்லை. அந்த 'என் (N)' பதிப்பு இன்றைக்கும் விண்டோஸ் 11 வரை வந்துகொண்டிருக்கிறது என்பது வேறு கதை.

அபராதத் தொகையைத் தலைப்பில் போட்டுக் கொண்டாடினார்களே தவிர, கோட்டுக்குக் கீழே அந்த இரண்டாவது விலை இருக்கிறதா என்று அன்றைக்கு யாரும் அழுத்திக் கேட்கவில்லை. இருபத்தோரு வருஷம் கழித்துக் கேட்டிருக்கிறார்கள். ஆபீஸோடு டீம்ஸ் என்ற அலுவலக அரட்டைச் செயலியைச் சேர்த்துக் கட்டியதாக 2020இல் ஸ்லாக் என்ற போட்டிக் கம்பெனி கொடுத்த புகார், 2025 செப்டம்பரில் அபராதம் இல்லாமலே முடிந்தது. டீம்ஸ் இல்லாத ஆபீஸை விலை குறைத்துக் கொடுப்பதாக மைக்ரோசாஃப்ட் ஒப்புக்கொண்டது. அந்த வித்தியாசம் போதாது என்று போட்டிக் கம்பெனிகள் சொன்னதும், சில தொகுப்புகளில் அதை இன்னும் ஐம்பது சதவீதம் கூட்டவும் சம்மதித்தது. ஒரு யூரோ அபராதம் வாங்காத இந்த வழக்குதான் எனக்கு 2004ஐவிடப் பெரிய வெற்றியாகப் படுகிறது.

நம் ஊர்க் கணக்கு இன்னும் விசித்திரம். திருட்டு விண்டோஸ் இலவசமாகக் கிடைக்கிற தெருவில், விண்டோஸுக்குப் பதிலாகப் போட்டுக்கொள்கிற இலவச லினக்ஸுக்கு என்ன மரியாதை? இதுவும் சும்மா, அதுவும் சும்மா என்றால் ஜனம் பழகியதைத்தான் கேட்கும். திருடியதால் மைக்ரோசாஃப்டுக்கு நஷ்டம் என்பார்கள். எனக்கென்னவோ, ஊரே விண்டோஸில் கை பழகியதற்கு அந்தத் திருட்டும் ஒரு காரணம் என்றுதான் தோன்றுகிறது. பாயின் தாளில் விண்டோஸுக்கு உண்மையான விலை இருந்ததால்தான், அது எனக்கு எங்கே தேவை, எங்கே தேவையில்லை என்று யோசிக்கவே ஆரம்பித்தேன்.

"எல்லாத்தையும் மாத்தணுமாக்கா?" என்று அவரே கேட்டார். "பில்லிங் மெஷின்ல என்ன பண்றீங்க? மெயில் பாக்குறீங்க, பிடிஎஃப் பிரிண்ட் எடுக்கிறீங்க. அதுக்கு லினக்ஸ் மின்ட் போட்டுத் தர்றேன். ஓடலேன்னா வந்து திட்டுங்க." விண்டோஸ் 10க்கே இன்னும் ஒரு வருஷம் பாதுகாப்பு அப்டேட் நீட்டிப்பு வாங்க வழியிருக்கிறது என்பதையும் சொன்னார். விற்க உட்கார்ந்திருக்கிறவர் வாயிலிருந்து இது வந்தது. கடைசியில் புதுசு ஒன்றே ஒன்று, விண்டோஸோடு. பழசு இரண்டில் லினக்ஸ் மின்ட், ஏற்றிக் கொடுக்க ஒரு மெஷினுக்கு ஐந்நூறு ரூபாய்.

ஒன்றுக்காவது விண்டோஸ் ஏன் என்று கேட்பீர்கள். பேஜ்மேக்கர் என்ற பக்க வடிவமைப்பு மென்பொருள்தான் காரணம். 2001இல் வந்த ஏழாம் பதிப்பு, அதற்குப் பிறகு அடுத்தது வரவே இல்லை. பதினைந்து வருஷத்து ஆய்வேடுகள், யூனிகோடுக்கு முந்தைய தமிழ் ஃபாண்டுகளில் அடித்தவை, அதில்தான் கிடக்கின்றன. போன மாதம்கூட ஒரு பேராசிரியர் தன் பழைய ஆய்வேட்டைப் புத்தகமாகப் போட வேண்டும் என்று வந்தார். இந்த மாதிரிக் கட்டை எந்த ஆணையமும் வந்து அவிழ்க்காது.

இப்போது அந்த இரண்டாவது குற்றச்சாட்டு. விண்டோஸ் சர்வர்களோடு மற்றவர்களின் சர்வர் பேசுவதற்கு வேண்டிய விவரங்களை மைக்ரோசாஃப்ட் மூடி வைத்திருந்தது. அதை வெளியே கொடு என்றது ஆணையம். கொடுத்தார்கள், ஆனால் கட்டுப்படியாகாத விலை வைத்தார்கள் என்று 2008இல் இன்னொரு 89.9 கோடி யூரோ விழுந்தது. பின்னால் கோர்ட் அதை 86 கோடியாகக் குறைத்தது. நடுவில், 2007 டிசம்பரில், சாம்பா என்ற இலவச மென்பொருளை எழுதுகிறவர்களுக்கு அந்த ஆவணங்கள் பத்தாயிரம் யூரோவுக்குக் கிடைத்தன. அதுவரை நெட்வொர்க்கில் போகிற வருகிறதைக் கவனித்துக் கவனித்தே விஷயத்தைக் கண்டுபிடித்துக்கொண்டிருந்தார்கள்.

என் கடையில் இது எங்கே இருக்கிறது என்று காட்டுகிறேன். புது விண்டோஸ் மெஷினில் 'பிரிண்டுக்கு' என்று ஒரு ஃபோல்டர். பைண்டிங் ரூமில் இருக்கிற பழைய பெட்டியில், மின்ட்டில், 'நெட்வொர்க்' என்ற இடத்தை அமுக்கினால் அந்த ஃபோல்டர் வந்து நிற்கிறது. உள்ளே ஆய்வேட்டின் பிடிஎஃப். பையன் அப்படியே இழுத்துப் பிரிண்டுக்குக் கொடுத்துவிடுகிறான், பென் டிரைவைத் தூக்கிக்கொண்டு ஓட வேண்டியதில்லை. அந்த வேலையைச் செய்வது சாம்பாதான். பாயின் கடைத் தம்பி பத்து நிமிஷத்தில் செட் பண்ணிவிட்டான். ஐரோப்பாவில் விழுந்த அபராதங்களில் திருவல்லிக்கேணி வரை வந்து சேர்ந்தது பணமல்ல, அந்த ஆவணம்.

இங்கே டெல்லியில் விழுகிற அபராதப் பணமும் அப்படித்தான், நம்மிடம் வராது. போட்டி ஆணையம் போடுகிற அபராதம் அரசின் தொகுப்பு நிதிக்குப் போகும். கூகுள் தேடல் பற்றிப் புகார் கொடுத்தவர்களில் நம் சென்னையின் மேட்ரிமோனி டாட் காமும் ஒன்று. 2018இல் கூகுளுக்கு ரூ.135.86 கோடி அபராதம். அதில் புகார் கொடுத்தவர் கைக்குக் காலணா வராது. ஆண்ட்ராய்டுக்காக 2022 அக்டோபரில் விழுந்தது ரூ.1,337.76 கோடி. அதற்குப் பிறகு, கூகுள் செயலிகளை ஃபோன் கம்பெனிகள் தனித்தனியாகவும் வாங்கிக்கொள்ளலாம் என்று கூகுள் இறங்கி வந்தது. ஃபோன் வாங்கிய பில்லில் எங்கேயாவது அப்படி ஒரு தனி விலை பார்த்தீர்களா? நான் பார்க்கவில்லை. டிவியில்தான் கொஞ்சம் வழி தெரிகிறது: 2025 ஏப்ரலில் ரூ.20.24 கோடி கட்டி சமரசம் செய்துகொண்டபோது, ஆண்ட்ராய்டு டிவிக்கு பிளே ஸ்டோரையும் பிளே சர்வீசஸையும் மட்டும் தனியாக, கட்டணத்துக்குத் தருவதாகக் கூகுள் ஒப்புக்கொண்டது. அதற்கு ஒரு விலை வந்துவிட்டதல்லவா, இனி ஒப்பிட்டுப் பார்க்கலாம்.

சரி, கடைக்கு வருவோம். அசெம்பிள் வேலை சுத்தம். கேபிள் எல்லாம் டை போட்டு பின்பக்கம் ஒதுக்கியிருந்தது, கேபினெட்டைத் திறந்தால் ஃபேனில் எதுவும் உரசவில்லை. ஒரு ராத்திரி முழுக்க ஓடவிட்டுத்தான் கொடுத்தார். பில்லில் ஒவ்வொரு பாகத்தின் சீரியல் நம்பரும் இருந்தது, கேட்காமலே ஜிஎஸ்டி பில். மின்ட் மெஷினில் தமிழ்99 கீபோர்டைப் போட்டு, "நீங்களே அடிச்சுப் பாருங்க" என்று என்னை உட்கார வைத்தார், அந்த ஸ்டூலிலிருந்து மானிட்டரை எடுத்துவிட்டு. 'ஸ்ரீ' சரியாக விழுகிறதா என்றுதான் முதலில் பார்த்தேன். விழுந்தது.

ஒரு நட்சத்திரம் குறைத்ததற்குக் காரணம் உண்டு. என் பிரிண்டரின் ஸ்கேனர் பாகம் லினக்ஸில் வேலை செய்யவில்லை. பிரிண்டர் மாடலை முதலிலேயே எழுதிக் கொடுத்திருந்தேன், பார்த்துச் சொல்லியிருக்கலாம். இப்போது ஸ்கேனுக்கு மட்டும் விண்டோஸ் மெஷினுக்கு ஓட வேண்டியிருக்கிறது. மின்ட்டில் வேர்டுக்குப் பதிலாக இருக்கிற லிப்ரே ஆபீஸில் மாணவர்கள் கொண்டுவரும் வேர்டு ஃபைல்களைத் திறந்தால் அட்டவணை சில சமயம் அடுத்த பக்கத்துக்குத் தாவிவிடுகிறது; ஆய்வேட்டில் பக்க எண் மாறினால் பொருளடக்கமே போச்சு, அதனால் அந்த வேலையை அதில் தொடுவதில்லை. இதையும் அவர் முன்கூட்டிச் சொல்லவில்லை. சாயங்காலம் ஏழு மணிக்கு மேல் ஃபோனை எடுக்க மாட்டார். டெலிவரிக்குத் தனிக் காசு, அதுவும் பையன் மாடி ஏற மாட்டான்.

போகிறவர்களுக்கு: உங்கள் பிரிண்டர், ஸ்கேனர் மாடலைத் தாளில் எழுதிக்கொண்டு போய், 'லினக்ஸில் ஓடுமா' என்று ஒன்றுக்கு இரண்டு தரம் கேளுங்கள். விண்டோஸ் வேண்டாம் என்றால் கொட்டேஷன் போடும்போதே சொல்லிவிடுங்கள். யுபிஐ வாங்குவார், கார்டுக்கு இரண்டு சதவீதம் கூட. ஞாயிறு விடுமுறை. வெள்ளிக்கிழமை மத்தியானம் தொழுகைக்குப் போய்விடுவார், தம்பி மட்டும்தான் இருப்பான். அவனிடம் விலை பேச முடியாது, ஆனால் சாம்பா பற்றி எவ்வளவு வேண்டுமானாலும் பேசலாம்.