தட்டுற கோலா, அதிருற கோலா, பேசுற போனா?

எண்ணூர் பக்கம் கன்டெய்னர் லாரிகள் வரிசை கட்டி நிற்பதை நீங்கள் பார்த்திருப்பீர்கள். கண் தெரியாத நான் இடித்துப் பார்த்திருக்கிறேன். லாரியின் பின்பக்கம் நெஞ்சு உயரத்தில் நீட்டிக்கொண்டிருக்கும், கீழே வெறும் காற்று. என் வெள்ளைக் கோல் அடியில் புகுந்து வழி காலி என்றது, அதை நம்பி நடந்ததில் நெற்றியில் மூன்று தையல்.

அதற்குப் பிறகுதான் ஸ்மார்ட்கேன் வாங்கினேன். டெல்லி ஐஐடியில் உருவாகி, நம்ம சென்னை ஃபீனிக்ஸ் மெடிக்கல் சிஸ்டம்ஸ் தயாரித்து 2014-ல் வெளிவந்தது. சாதாரண மடக்குக் கோலின் தலையில் மாட்டும் கைப்பிடிதான் அது. வௌவால் போல மீயொலியை (நம் காதுக்குக் கேட்காத ஒலி) அனுப்பி, எதிரொலி திரும்ப எடுக்கும் நேரத்தை வைத்து தூரம் கணக்குப் போடும். முழங்காலுக்கு மேலே, தலை உயரம் வரை இருப்பதைச் சொல்லும். வெளியே 3 மீட்டர், வீட்டுக்குள் 1.8 மீட்டர் என்று இரண்டு நிலை. நெருங்க நெருங்கக் கையில் அதிர்வு மாறும். நிறுத்திய லாரி, சாய்ந்த மரக்கிளை எல்லாம் இப்போது இடிப்பதற்கு முன்பே தெரிந்துவிடுகிறது.

ஆனால் பழைய வண்ணாரப்பேட்டை எம்.சி. ரோட்டுக்குத் தீபாவளி நேரத்தில் கொண்டுபோனால் வேலைக்காகாது. சுற்றிலும் ஆள் என்பதால் கை விடாமல் அதிரும், ஒரு கட்டத்தில் எதற்கு அதிர்கிறது என்றே புரியாது. கடை வாசலில் தொங்கும் நைட்டி, புடவை மாதிரி மெத்தென்ற துணி மீயொலியை உறிஞ்சிக்கொள்ளும், சரியாக எதிரொலிக்காது. முகத்தில் பட்டால்தான் தெரியும், பரவாயில்லை, துணிதானே.

பள்ளம்தான் பெரிய விஷயம். அதை இந்தக் கருவி பிடிக்காது, கோலின் நுனிதான் பிடிக்கும். மழைநீர் வடிகால் மூடி மேல் தட்டினால் 'டொக்'கென்று உள்ளே வெற்றிடம் கேட்கும், மூடி விலகியிருந்தால் நுனி விளிம்பில் சிக்கும். டோல்கேட் மெட்ரோ ஸ்டேஷனுக்குள் தரையில் பதித்த வழிகாட்டி ஓடுகளைத் தடவிக்கொண்டே போவதும் அதே நுனியால்தான். சாதாரணக் கோல் சில நூறு ரூபாய்தான், சார்ஜும் வேண்டாம்.

போன் ஆப்கள்? ரோட்டில் எனக்குச் சரிப்படவில்லை. ஒரு கையில் கோல், இன்னொரு கையில் காய்கறிப் பை, கேமராவை எந்தக் கையில் நீட்டுவது? அது காதில் பேசிக்கொண்டே இருந்தால் பின்னால் வரும் ஷேர் ஆட்டோ சத்தமும் போய்விடும். எங்களுக்குக் காதுதானே பாதிக் கண். கடைக்குள் நுழைந்துவிட்டால் கதையே வேறு. ரிசர்வ் வங்கி 2020-ல் கொண்டுவந்த மணி ஆப் இணையம் இல்லாமலே 100 ரூபாயா 500 ரூபாயா என்று சொல்லும், கள்ள நோட்டா என்று மட்டும் சொல்லாது. மாத்திரை அட்டையில் என்ன எழுதியிருக்கிறது என்று பார்க்கணும்னா பி மை ஐஸ் ஆப்பைத் திறந்தால் பார்வையுள்ள தன்னார்வலர் யாராவது வீடியோவில் வந்து படித்துக் காட்டுவார்.

ஆக, ஒன்றுக்குத்தான் காசு இருக்கிறது என்றால் முதலில் மடக்குக் கோலை வாங்கி, ஒழுங்காக வீசி நடக்கப் பயிற்சி எடுங்கள். லாரி நிற்கும் ரோட்டில் தினமும் நடப்பவர் என்றால் அடுத்தது ஸ்மார்ட்கேன். போன் ஏற்கெனவே பாக்கெட்டில் இருக்கும், அது பாக்கெட்டிலேயே இருக்கட்டும்.

நவம்பர், டிசம்பரில் தெருவில் முழங்கால் தண்ணீர் நின்றால் நான் அதிர்வுக் கைப்பிடியையும் கழற்றிப் பையில் போட்டுவிடுவேன். தண்ணீருக்கு அடியில் எவ்வளவு ஆழம் என்று குத்திப் பார்க்க வெறும் கோல் போதும்.