ஹெபடைட்டிஸ் சி தடுப்பூசி: ஆன்டிபாடி கட்சியா, டி செல் கட்சியா?

ரத்த தானம் செய்யப் போன இடத்தில்தான் பலருக்குக் கல்லீரலைத் தாக்கும் ஹெபடைட்டிஸ் சி வைரஸ் இருப்பதே தெரிய வருகிறது. அதுவரை உடம்பில் ஒரு தொந்தரவும் இருந்திருக்காது. ரேபிட் கார்டில் ஒரு கோடு விழுந்தால் நிம்மதி, இரண்டு விழுந்தால் கவலை. அந்த இரண்டாவது கோடு வைரஸைக் காட்டும் கோடு என்றுதான் பலரும் நினைக்கிறார்கள். உண்மையில் அது காட்டுவது, வைரஸைப் பார்த்து உடம்பு தயாரித்த ஆன்டிபாடி என்ற எதிர்ப்புப் புரதத்தை.

இதில் ஒரு வேடிக்கை உண்டு. ஹெபடைட்டிஸ் பி-யில் மேற்பரப்புப் புரதத்துக்கு எதிரான ஆன்டிபாடி போதுமான அளவு இருந்தால் "பாதுகாப்பு இருக்கிறது, போய் வாங்க" என்று டாக்டர் அனுப்பிவிடுவார். சி-யில் ஆன்டிபாடி இருந்தால், "வைரஸ் இப்பவும் இருக்கா பார்க்கணும்" என்று ஆர்என்ஏ டெஸ்ட்டுக்கு எழுதித் தருவார். ஆன்டிபாடியும் வைரஸும் ஒரே ரத்தத்தில் இருபது, முப்பது வருஷம் சேர்ந்து குடித்தனம் நடத்தும் நோய் இது. பி-க்கு 1981-லேயே தடுப்பூசி வந்துவிட்டது. 1989-ல் அடையாளம் காணப்பட்ட சி-க்கு இன்னும் வரவில்லை. எந்த வழியில் போனால் வரும் என்பதில் ஆராய்ச்சியாளர்கள் இரண்டு கட்சி.

முதலில் எதிராளியைப் பார்த்துவிடலாம். நாள்பட்ட தொற்று உள்ள ஒருவரின் உடம்பில் தினமும் சுமார் ஒரு லட்சம் கோடி புது வைரஸ்கள் உருவாகின்றன. மரபுக் குறிப்பை நகலெடுக்கும் நொதிக்குப் பிழை திருத்தத் தெரியாது. அதனால் ஒரே நோயாளிக்குள்ளேயே வைரஸ் ஒரு பெரிய கூட்டுக் குடும்பமாகிவிடும். ஒருத்தர் முகம் போல் இன்னொருத்தர் முகம் இருக்காது. உலக அளவில் 8 மரபணு வகைகள் இருக்கின்றன. ஒரு வகைக்கும் இன்னொன்றுக்கும் சுமார் 30 சதவீதம் வித்தியாசம். வைரஸின் மேல் இருக்கும் ஈ2 புரதத்தின் ஒரு முனையில் 27 அமினோ அமிலங்கள் கொண்ட ஒரு துண்டு இருக்கிறது. ஆன்டிபாடி முதலில் பாய்வது அதன் மேல்தான், வைரஸ் சட்டை மாற்றுவது போல மாற்றிக்கொண்டே இருப்பதும் அதைத்தான். மாறவே முடியாத இடம் ஒன்று உண்டு: கல்லீரல் செல்லின் சிடி81 என்ற பிடியில் போய் ஒட்டும் பகுதி. அதைச் சர்க்கரைச் சங்கிலிகளால் மூடி வைத்திருக்கிறது. போதாததற்கு நம் ரத்தத்தில் ஓடும் கொழுப்புத் துகளையே போர்த்திக்கொண்டு உலவுகிறது.

இவ்வளவு கெட்டிக்கார வைரஸ் என்றாலும், தொற்றியவர்களில் சுமார் 30 சதவீதம் பேர் ஆறு மாதத்துக்குள் மருந்தே இல்லாமல் அதை விரட்டிவிடுகிறார்கள். அயர்லாந்தில் 1977-78-ல் நடந்தது இதற்கு நல்ல சாட்சி. பிரசவத்தை ஒட்டிப் பெண்களுக்குப் போடும் ஆன்டி-டி ஊசி மருந்தில் இந்த வைரஸ் கலந்துவிட்டது. எல்லாருமே இளம் பெண்கள், கிருமியும் ஒரே மூலத்திலிருந்து வந்தது. பல வருஷம் கழித்துத் தேடிப் பார்த்தபோது, தொற்று தடம் இருந்த 704 பேரில் 390 பேருக்கு வைரஸ் அப்படியே இருந்தது. மற்றவர்களுக்குத் தடம் மட்டும்தான் மிச்சம், வைரஸ் இல்லை. அவர்களைக் காப்பாற்றியது எது என்பதில்தான் சண்டையே.

டி செல் கட்சியின் வாதம் இது: வைரஸ் செல்லுக்குள் ஒளிந்திருக்கிறது. ஆன்டிபாடியால் உள்ளே போக முடியாது. தொற்றிய செல்லையே கண்டுபிடித்து அழிக்கும் டி செல்தான் வேலைக்கு ஆகும். இவர்கள் கையில் இருக்கும் ஆதாரமும் லேசானதல்ல. ஒரு தடவை வைரஸை வென்ற சிம்பன்சிகளின் டி செல்களை அகற்றிவிட்டு மறுபடி தொற்றவைத்த சோதனைகள் 2003-ல் வெளியாயின. தொற்றிய செல்லை நேரடியாகக் கொல்லும் சிடி8 வகை டி செல்களை எடுத்தபோது, அவை திரும்பி வரும்வரை வைரஸ் அடங்கவில்லை. மற்றவற்றுக்குத் துணை நிற்கும் சிடி4 வகையை எடுத்தபோது வைரஸ் நிரந்தரமாகவே தங்கிவிட்டது. பிறவியிலேயே ஆன்டிபாடி தயாரிக்க முடியாத மனிதர்கள் சிலர் இந்த வைரஸை விரட்டியிருக்கிறார்கள் என்பது இன்னொரு துருப்புச்சீட்டு. வைரஸ் தங்கிவிட்டவர்களிடமோ டி செல்கள் இருக்கும், ஆனால் ஓடி ஓடிக் களைத்துப்போய் உட்கார்ந்திருக்கும்.

ஆன்டிபாடி கட்சி சொல்வது, உள்ளே விட்டுவிட்டு அப்புறம் தேடுவானேன் என்று. இவர்களுக்கும் சாட்சி உண்டு. அயர்லாந்து போலவே கிழக்கு ஜெர்மனியிலும் 1978-79-ல் ஆன்டி-டி ஊசியால் தொற்று பரவியது. அந்தப் பெண்களில் வைரஸை மடக்கும் ஆன்டிபாடி சீக்கிரமே உருவானவர்கள் தப்பித்தார்கள், தாமதமாக உருவானவர்களிடம் வைரஸ் தங்கிவிட்டது. ஆக, கார்டில் கோடு போடும் ஆன்டிபாடி நேரம் கழித்து வந்த ஆன்டிபாடி. தொற்றிய 8 முதல் 11 வாரத்தில்தான் அது தலைகாட்டும், வைரஸ் முதல் மூன்று வாரத்துக்குள்ளேயே ரத்தத்தில் வந்துவிடும். தடுப்பூசி போட்டு முன்கூட்டியே தயாராக வைத்திருந்தால் கதை மாறலாம் இல்லையா?

வைரஸைக் கண்டுபிடித்த குழுவின் மைக்கேல் ஹாட்டனே இந்தப் பக்கம்தான். (கூட உழைத்த இருவருக்கும் சேர்த்துத் தரவில்லை என்று 2013-ல் கெய்ர்ட்னர் விருதை வேண்டாம் என்றவர். 2020-ல் நோபல் பெற்ற மூவரில் ஒருவர்.) வைரஸின் மேலுறையில் ஜோடியாக இருக்கும் ஈ1, ஈ2 புரதங்களைச் சேர்த்துச் செய்த ஊசியை அவர் குழு 7 சிம்பன்சிகளுக்குப் போட்டது. பிறகு வைரஸைச் செலுத்தியபோது 5 தப்பித்தன. அந்த முடிவு வெளியானது 1994-ல். ஆனால் அது ஊசி தயாரித்த அதே ரக வைரஸ் என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும். மனிதர்களில் முதல் கட்டச் சோதனை வரைதான் இந்த ஊசி போனது. இந்தப் புரத ஜோடி செல்லுக்கு உள்ளேயே ஒட்டிக்கொள்ளும்; வெளியே எடுத்துச் சுத்தப்படுத்துவது பெரும்பாடு.

மனிதர்களிடம் முழுப் பரீட்சை எழுதியது டி செல் கட்சி மட்டும்தான். சிம்பன்சியின் அடினோ வைரஸில் ஏற்றி முதல் ஊசி, எம்விஏ என்ற வலுவிழந்த பெரியம்மைத் தடுப்பூசி வைரஸில் ஏற்றி இரண்டாம் ஊசி. இரண்டிலும் இருந்தது வைரஸின் உட்புறப் புரதங்கள் மட்டுமே, ஈ1-ம் இல்லை, ஈ2-ம் இல்லை. அமெரிக்காவில் ஊசி மூலம் போதைப்பொருள் எடுத்துக்கொள்ளும் 548 பேரிடம் சோதித்தார்கள். ஊசி போட்டவர்களில் 78 சதவீதம் பேருக்கு டி செல்கள் நன்றாகவே கிளம்பின. 2021-ல் முடிவு வெளியானது: நாள்பட்ட தொற்று தடுப்பூசிக் குழுவில் 14 பேருக்கு, மருந்தில்லாத வெறும் ஊசி போட்ட குழுவிலும் 14 பேருக்கு.

தோல்விதான், அதை நாசூக்காகச் சொல்ல ஒன்றுமில்லை. ஆனாலும் அதே அறிக்கையில் இன்னொரு எண் இருக்கிறது. தொற்று வந்தவர்களில் வைரஸ் உச்சத்தில் இருந்தபோது, வெறும் ஊசிக் குழுவில் ஒரு மில்லிக்குச் சராசரி சுமார் 18 லட்சம் அலகு. தடுப்பூசிக் குழுவில் சுமார் 1.5 லட்சம். டி செல்கள் கையைக் கட்டிக்கொண்டு நிற்கவில்லை, வைரஸைப் போட்டு அடித்திருக்கின்றன. முடிக்கத்தான் முடியவில்லை. ஊசி செய்தது 1பி ரக வைரஸை வைத்து, அங்கே அதிகம் சுற்றுவதோ 1ஏ. அந்தப் பொருத்தமின்மைக்கும் இதில் பங்கு இருக்கலாம். என் கணக்கில் பெரிய காரணம் வேறு: வாசலில் யாருமே இல்லாமல் எல்லாரையும் வீட்டுக்குள் நிறுத்தியதுதான். முழு வீச்சில் பெருகிய கூட்டத்தை எதிர்கொள்வதைவிட, ஆன்டிபாடி பாதியை வாசலிலேயே மடக்கி மிச்சத்தை டி செல்லிடம் விட்டிருந்தால் அந்த 14 குறைந்திருக்கும் என்று நினைக்கிறேன். இது என் ஊகம்தான்.

"மாத்திரைதான் வந்துவிட்டதே, ஊசி எதற்கு?" என்று கேட்பவர்களும் உண்டு. நியாயமான கேள்வி. 8 முதல் 12 வாரம் மாத்திரை சாப்பிட்டால் 95 சதவீதத்துக்கும் மேல் குணம். 2013 டிசம்பரில் சோஃபோஸ்புவிர் வந்தபோது அமெரிக்காவில் ஒரு மாத்திரை 1,000 டாலர். இந்தியாவில் 2018-ல் தொடங்கிய தேசியத் திட்டத்தில் இந்தச் சிகிச்சை இலவசம். ஆனால் மாத்திரையால் குணமானவருக்கு அடுத்த அசுத்த ஊசியிலிருந்து பாதுகாப்பு கிடையாது. மறுபடி வரும். உலகில் இப்போது சுமார் 5 கோடிப் பேருக்கு இந்தத் தொற்று இருக்கிறது, ஆண்டுக்குச் சுமார் 10 லட்சம் பேருக்குப் புதிதாக வருகிறது. அறிகுறி இல்லாத நோய்க்கு மாத்திரை தேடிப் போகிறவர் எத்தனை பேர்?

தடுப்பூசிக்குப் போட்டியாக வந்த அந்த மாத்திரையே இப்போது அதற்கு வழியும் திறந்துவிடுகிறது. சிம்பன்சி ஆராய்ச்சி நின்றுவிட்டது, எலிக்கு இந்த வைரஸ் லேசில் ஒட்டாது, ஆபத்தில் இருப்பவர்களைச் சேர்த்து வருஷக்கணக்கில் காத்திருப்பதும் கஷ்டம். அதனால் தன்னார்வலருக்குத் தடுப்பூசி போட்டு, வைரஸையும் வேண்டுமென்றே கொடுத்துப் பார்த்துவிட்டு, விரட்ட முடியாதவரை மாத்திரையால் குணப்படுத்தலாம் என்ற யோசனை தீவிரமாகப் பேசப்படுகிறது. மாத்திரை வருவதற்கு முன் இதைச் சொல்லியிருந்தால் எந்த நெறிமுறைக் குழுவும் காதில் போட்டிருக்காது. அப்படி ஒரு சோதனை நடந்தால், வரிசையில் முதலில் நிற்க வேண்டியது 1994-லிருந்து காத்திருக்கும் அந்த ஈ1ஈ2 ஊசிதான்.